வேலையின்மைக் கணக்கு: களியக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும்

மத்திய அரசின் புள்ளியியல் துறை ஆண்டுதோறும் வேலையின்மை விகிதத்தை வெளியிடும்போதெல்லாம் நம் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து டீக்கடைகளில் ஒரு வாதம் கிளம்புவது வழக்கம். 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரையிலான ஆண்டுக்கு 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோரிடையே கேரளத்தின் விகிதம் 7.2 சதவிகிதம், தமிழ்நாட்டின் விகிதம் 3.5, இந்தியா முழுமைக்கும் 3.2. இந்த எண்களைப் பார்த்த நம் அன்பர்களில் ஒரு சாரார், "எல்லைக்கு அப்பால் வேலை கொட்டிக் கிடக்கிறது, நாம் இங்கே உட்கார்ந்து என்ன செய்கிறோம்?" என்று கேட்கிறார்கள். பிள்ளைகளை எங்கே படிக்க வைப்பது, எங்கே குடியேற்றுவது என்று முடிவெடுக்கும் குடும்பங்களும் இந்த ஓர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் அதே காலைப் பொழுதில் களியக்காவிளையிலிருந்து இஞ்சிவிளை வழியாக வடக்கே வரும் பேருந்துகளைப் பாருங்கள். கொத்தனார், ஆசாரி, கம்பி கட்டுபவர், பெயிண்டர் என்று தமிழ்நாட்டுப் பக்கத்துத் தொழிலாளர்கள் நெய்யாற்றின்கரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் வேலைக்கு வருகிறார்கள். வேலையின்மை குறைவான இடத்திலிருந்து வேலையின்மை இரு மடங்கான இடத்துக்கு வேலை தேடி வருவானேன்? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால்தான் மேற்படி எண்களுக்குப் பொருள் தெரியும்.

நான் இரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் பணிபுரிந்தவன். இரண்டு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலத்தை நாங்கள் 'கேஜ்' என்போம். அதைத் தண்டவாளத்தின் மேல் விளிம்பில் அளப்பதில்லை. உட்புறத்தில், மேல்மட்டத்திலிருந்து சில மில்லிமீட்டர் கீழே, சக்கரத்தின் விளிம்பு உரசும் இடத்தில்தான் அளப்போம். இரண்டு பேர் இரண்டு இடத்தில் அளந்தால் இரண்டு விடை வரும். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். வேலையின்மையும் அப்படியே. எங்கே வைத்து அளந்தார்கள் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

விகிதம் கணக்கிடும் முறை எளியது. வேலை செய்வோர், வேலை இல்லாமல் அதை வேண்டி நிற்போர் ஆகிய இரு பிரிவினரையும் கூட்டினால் வருவது உழைப்பாளர் தொகை. அதில் வேலை வேண்டி நிற்போர் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதே வேலையின்மை விகிதம். வீட்டு வேலை மட்டும் பார்க்கும் பெண்கள், மாணவர்கள், முதியோர் இந்தக் கணக்கின் மேலும் வரமாட்டார்கள், கீழும் வரமாட்டார்கள்.

விளங்கிக்கொள்வதற்காக இரண்டு கற்பனை ஊர்களை எடுத்துக்கொள்வோம். எல்லைக்கு வடக்கே உள்ள ஊரில் 15 வயதுக்கு மேற்பட்டோர் 1,000 பேர். வேலை செய்வோர் 520, வேலை வேண்டி நிற்போர் 40, எதிலும் சேராதோர் 440. அப்படியானால் 560 பேருக்கு 40, அதாவது 7 சதவிகிதத்துக்குச் சற்று மேல். தெற்கே உள்ள ஊரில் அதே 1,000 பேரில் வேலை செய்வோர் 580, வேண்டி நிற்போர் 20. அங்கே 3.3 சதவிகிதம். இப்போது வடக்கூரில் அந்த 40 பேரில் 20 பேர் சலித்துப்போய், "இனி நான் வேலைக்கு முயற்சி செய்யப் போவதில்லை, கிடைத்தாலும் போவதாக இல்லை" என்று வீட்டோடு இருந்துவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 540க்கு 20, விகிதம் 3.7 ஆக இறங்கிவிடும். புதிதாக ஒருவருக்கும் வேலை கிடைக்கவில்லை. ஆயினும் மறுநாள் பத்திரிகையில் "வேலையின்மை பாதியாகக் குறைந்தது" என்று தலைப்பு வரலாம்.

அடுத்த கேள்வி, வேலை செய்பவர் என்று யாரைச் சொல்வது? நம் நாட்டில் இதை ஆராயப் பேராசிரியர் தாந்த்வாலா தலைமையில் ஒரு நிபுணர் குழு அமைந்தது. இந்தியாவில் விவசாயி, நெசவாளி, கூலியாள் என்று பலவிதமானோர் இருக்க, எல்லோரையும் ஒரே எண்ணுக்குள் அடைப்பது பொருளற்றது என்று அக்குழு கருதியது. அதன் பின்னர் 1972-73 முதல் தேசிய மாதிரி ஆய்வு ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகோல்களைக் கையாண்டு வருகிறது. இன்று இரண்டு அளவுகோல்கள் நடைமுறையில் உள்ளன. ஒன்று, 'வழக்க நிலை'. கடந்த 365 நாட்களில் ஒருவர் பெரும்பகுதி என்ன செய்தார் என்று கேட்பார்கள். பெரும்பகுதி வேலை இல்லாதிருந்தாலும் மொத்தம் 30 நாட்களாவது ஏதேனும் வேலை செய்திருந்தால் துணை வேலையுடையவர் என்று கணக்கில் சேர்த்துவிடுவார்கள். மற்றது, 'நடப்பு வார நிலை'. கடந்த 7 நாட்களில் ஏதேனும் ஒரு நாளில் 1 மணி நேரம் வேலை செய்திருந்தாலும் அவர் வேலையுடையவரே. நான் மேலே சொன்ன 7.2, 3.5 ஆகிய எண்கள் முதல் அளவுகோலின்படி வந்தவை. 2025 முதல் மாதந்தோறும் வரும் அறிக்கைகள் இரண்டாவது அளவுகோலின்படி வருபவை. 2025 ஏப்ரலுக்கு இந்திய விகிதம் 5.1 என்று வெளியானபோது, "3.2இலிருந்து 5.1 ஆகிவிட்டதே!" என்று பதறியவர்கள் உண்டு. மாறியது பெரும்பாலும் அளவுகோல்தான்.

இந்த ஒரு மணி நேரக் கணக்கு நம் பகுதிக்கு எப்படிப் பொருந்துகிறது என்று பாருங்கள். விளவங்கோடு பக்கத்து ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி விடியும் முன் போய் சில மணி நேரத்தில் வேலையை முடிப்பவர். மழை விடாமல் பெய்தால் வெட்டு இல்லை. மரம் இலை உதிர்க்கும் மாதங்களிலும் ஓய்வு. ஆனாலும் வாரத்தில் ஒரு நாள் வெட்டு நடந்தால் அவர் வேலையுடையவர். பாலராமபுரத்துக் கைத்தறி நெசவாளியை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய முன்னோர் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் பாலராமவர்மா மகாராஜா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்கள். நூல் வராமல் தறி நின்றாலும், வீட்டில் தறி இருக்கிறது, ஒரு நாள் பாவு போட்டார் என்றால் அவரும் வேலையுடையவர்தான். அவர் கையில் வந்த காசு எவ்வளவு என்பதை வேலையின்மை விகிதம் கேட்பதே இல்லை.

இப்போது எல்லைப் புதிருக்கு வருவோம். நம் ஊர்ப் பேச்சில் 'பணி' என்பதும் 'ஜோலி' என்பதும் வெவ்வேறு. "மோனுக்குப் பணி உண்டு, ஜோலி ஆகல்ல" என்று நெய்யாற்றின்கரையில் ஒரு தாய் சொன்னால், பையன் ஏதோ கூலி வேலைக்குப் போய் வருகிறான், ஆனால் படிப்புக்கேற்ற நிலையான உத்தியோகம் இன்னும் அமையவில்லை என்று பொருள். கேரளத்தில் இல்லாதது பணி அன்று, ஜோலிதான். ரிசர்வ் வங்கி தொகுத்த கணக்கின்படி 2022-23இல் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாட்கூலி கேரளத்தில் 852 ரூபாய், தமிழ்நாட்டில் சுமார் 500 ரூபாய், மத்தியப் பிரதேசத்தில் 278 ரூபாய். வேலைக்கு ஆள் கிடைக்காத ஊரில்தான் கூலி இப்படி ஏறும். களியக்காவிளைப் பேருந்தில் வருபவர் அந்த 350 ரூபாய் வித்தியாசத்துக்காக வருகிறார். அவருக்கும் பின்னால் வங்காளம், ஒரிசா, அஸ்ஸாம், பீகார் என்று இரயில் இரயிலாக ஆட்கள் வந்திறங்கினார்கள்; 2013இல் குலாத்தி நிதி ஆய்வு நிறுவனம் கேரளத்தில் வெளிமாநிலத் தொழிலாளர் சுமார் 25 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது.

பீகாரின் வேலையின்மை விகிதம் எவ்வளவு தெரியுமோ? 2023-24இல் 3.0. கேரளத்தின் பாதிக்கும் குறைவு! அதே பீகாரில் 2022 ஜனவரியில் இரயில்வே தேர்வு முடிவுகள் குறித்து இளைஞர்கள் தண்டவாளத்தில் இறங்கிப் போராடியது நினைவிருக்கும். அந்த ஒரு தேர்வில் 35,000க்குச் சற்று மேற்பட்ட இடங்களுக்கு 1 கோடியே 25 லட்சம் பேர் விண்ணப்பித்திருந்தார்கள். இரயில்வேயில் காலம் கழித்த எனக்கு இந்த எண் எந்த விகிதத்தை விடவும் தெளிவாகப் பேசுகிறது. வயலில் தந்தைக்குக் கை கொடுத்தபடியே தேர்வுக்குப் படிக்கும் பையனைக் கணக்கெடுப்பு வேலையுடையவன் என்று எழுதிக்கொள்கிறது. அவன் குடும்பத்துக்கு அவனைச் சும்மா உட்கார வைத்துச் சோறு போட வசதியில்லை. வேலையில்லாமல் காத்திருப்பதற்கும் ஓரளவு வசதி வேண்டும் ஐயா. வளைகுடாவிலிருந்து பணம் வரும் வீட்டில், தந்தை ஓய்வூதியம் வாங்கும் வீட்டில் பட்டதாரி காத்திருக்க முடிகிறது. 2018இன் புலம்பெயர்வு ஆய்வின்படி வெளிநாட்டில் இருந்த கேரளத்தவர் 21 லட்சம் பேர். கேரளத்தின் உயர்ந்த விகிதத்தில் ஒரு பகுதி இந்தக் காத்திருப்போர் கணக்கு. இந்திய அளவிலும் இதே போக்குத்தான். 2022-23இல் பட்டதாரிகளிடையே வேலையின்மை 13 சதவிகிதத்துக்கு மேல்; எழுத்தறிவில்லாதோரிடையே 1 சதவிகிதம்கூட இல்லை. படித்தவனை விடப் படியாதவன் நல்ல நிலையில் இருக்கிறான் என்று இதற்குப் பொருள் சொல்ல முடியுமா?

ஒரு கண்டத்தின் நாடுகளை ஒப்பிட்டாலும் இதே வேடிக்கையைக் காணலாம். ஆப்பிரிக்காவை எடுத்துக்கொள்வோம். நம் தமிழ் மக்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே டர்பன் பகுதியில் குடியேறிய தென்னாப்பிரிக்கா அக்கண்டத்தில் தொழில் வளர்ச்சி மிகுந்த நாடுகளுள் ஒன்று. 2023இல் அதன் வேலையின்மை 32 சதவிகிதத்தைச் சுற்றி நின்றது. உலகின் மிக வறிய நாடுகளில் ஒன்றான நைஜருக்குப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு மதிப்பிடும் விகிதமோ 1 சதவிகிதத்துக்கும் குறைவு. நைஜரில் ஆடு மேய்ப்பவரும் சோளம் விதைப்பவரும் ஒரு நாளும் 'வேலையில்லாதவர்' ஆவதில்லை, பசிதான் ஆவார்கள். தென்னாப்பிரிக்காவிலோ நிறவெறிச் சட்டங்கள் கறுப்பின மக்களைப் பல்லாண்டுகள் நகரங்களிலிருந்து தொலைவில் ஒதுக்கி வைத்தன. அவர்களின் சிறு விவசாயமும் சில்லறை வியாபாரமும் வளரவிடாமல் தடுக்கப்பட்டன. ஆகவே தொழிற்சாலையிலோ சுரங்கத்திலோ வேலை இல்லாதவருக்கு விழுந்து பிடிக்க ஒரு கொம்பும் இல்லை. அங்கே 32 என்பது காத்திருப்போர் கணக்கு அன்று. உண்மையான துன்பத்தின் கணக்கு. கேரளத்துக்குச் சொன்ன விளக்கத்தை அப்படியே எடுத்து அங்கே ஒட்டக்கூடாது.

நைஜீரியாவின் கதை இன்னும் விசித்திரம். 2020 இறுதியில் அந்நாட்டு அரசு வெளியிட்ட வேலையின்மை விகிதம் 33.3 சதவிகிதம். 2023இன் முதல் காலாண்டில் அதே அரசு வெளியிட்டது 4.1! இடையில் தொழிற்சாலைகள் முளைக்கவில்லை. வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்தவரையும் வேலையற்றவர் என்று எழுதும் பழைய வழக்கத்தைக் கைவிட்டு, 1 மணி நேரம் போதும் என்ற பன்னாட்டு வழக்கத்துக்கு மாறினார்கள், அவ்வளவே. ஐரோப்பாவில் இந்தக் குழப்பம் குறைவு. பெரும்பாலான நாடுகள் ஒரே வரையறையில் கணக்கெடுப்பதாலும், பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள் என்பதாலும் 2013இல் கிரீஸ், ஸ்பெயின் 25 சதவிகிதத்துக்கு மேல், ஜெர்மனி சுமார் 5 என்று சொன்னால் அந்த ஒப்பீட்டை நம்பலாம்.

நமக்கு அருகிலுள்ள இலங்கையைச் சொல்லாமல் விட மனமில்லை. 2022இல் அந்நாட்டுப் பொருளாதாரம் 7 சதவிகிதத்துக்கு மேல் சுருங்கியது. எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அவ்வாண்டின் வேலையின்மை விகிதம் 4.7 மட்டுமே. வயது வந்தோரில் உழைப்பாளர் தொகையில் சேர்ந்தோரின் பங்கு 50 சதவிகிதத்துக்குச் சற்றே கீழே இறங்கிவிட்டது. அந்த ஓராண்டில் மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டுப் போனார்கள். போனவர்களும் சோர்ந்து ஒதுங்கியவர்களும் கணக்கில் இல்லை. எனவே எண் அழகாக இருந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, "அப்படியானால் கேரளத்தில் ஒரு குறையும் இல்லை" என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். அதே 2023-24 அறிக்கையில் 15 முதல் 29 வயது வரையுள்ளோரின் விகிதத்தைத் தனியே பார்த்தால், கேரளத்தில் 29.9 சதவிகிதம், இந்தியாவில் 10.2. கேரளத்தின் இளைஞர்களில் ஆண்களுக்கு 19.3, பெண்களுக்கு 47.1. உழைப்பாளர் தொகையில் சேர்ந்த இளம்பெண்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் வேலை இல்லாமல் நிற்கிறார்கள் என்பதை வசதி, காத்திருப்பு என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. இந்தப் பெண்கள் பெரும்பாலோர் படித்தவர்கள். பி.எட். முடித்தவர், செவிலியர் படிப்பு முடித்து விசாவுக்குக் காத்திருப்பவர், அரசுத் தேர்வாணையத்தின் தரவரிசைப் பட்டியலில் பெயர் வந்து பட்டியல் காலாவதியாகும்வரை நியமனம் வராதவர் என்று நம் சங்கக் குடும்பங்களிலேயே எண்ணிக் காட்டலாம். கொத்தனார் வேலைக்கு 850 ரூபாய் கொடுக்கும் ஊரில் தனியார் பள்ளி ஆசிரியைக்கு நாளொன்றுக்கு அதில் பாதிகூடத் தேறாத இடங்கள் இருக்கின்றன. ஆணுக்குப் பணியாவது உண்டு. பெண்ணுக்குப் பணியும் குறைவு, ஜோலியும் குறைவு.

இங்கேதான் தமிழ்நாட்டின் மெய்யான வேறுபாடு தெரிகிறது. இந்தியத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் அந்த ஒரு மாநிலத்தில் இருப்பதாகத் தொழிற்சாலைகளின் ஆண்டாய்வு காட்டுகிறது. பின்னலாடை, தோல் காலணி, மின்னணுப் பொருள்கள் என்று பட்டம் படித்தவருக்கும் பள்ளியோடு நின்றவருக்கும் மாதச் சம்பள வேலை அங்கே கிடைக்கிறது. சம்பளம் பெரிது என்று சொல்லமாட்டேன். வீட்டை விட்டு விடுதியில் தங்க வேண்டிய சிரமமும் உண்டு. நம் எல்லையிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. கொல்லத்து முந்திரி முதலாளிகள் பலர், கூலி குறைவு என்பதற்காகவே கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆலைகளை நிறுவினார்கள். விளவங்கோடு தாலுகாப் பெண்கள் பலர் 'அண்டி ஆபீஸ்' போய் வந்தது அப்படித்தான். ஆக, 1956 நவம்பர் 1 வரை ஒரே ஆட்சிக்குள் இருந்த இந்தச் சிறு நிலப்பரப்பில், கூலி உயர்வு கொத்தனாரை வடக்கே இழுக்கிறது. கூலிக் குறைவு ஆலையைத் தெற்கே இழுக்கிறது. இரண்டையும் ஒரே விகிதத்தில் தேடினால் ஒன்றும் அகப்படாது.

ஆகையால் பிள்ளைகளின் எதிர்காலம் பற்றி யோசிக்கும் பெற்றோர், பத்திரிகையில் வேலையின்மை விகிதம் வந்தால் அதே அறிக்கையில் வேறு சிலவற்றையும் தேடிப் பார்க்க வேண்டும். வயது வந்தோரில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? அவர்களில் மாதச் சம்பளம் பெறுவோர் எத்தனை பேர், கூலிக்கும் சொந்தத் தொழிலுக்கும் போவோர் எத்தனை பேர்? ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே என்ன நிலை? இந்தியாவில் பெண்களின் உழைப்புப் பங்கேற்பு 2017-18இல் 23.3 ஆக இருந்து 2023-24இல் 41.7 ஆக உயர்ந்தது என்று பெருமையாகச் சொல்லப்படுகிறது. வேலை செய்யும் பெண்களில் மூவரில் ஒருவருக்கு மேல் குடும்பத் தொழிலில் ஊதியமில்லாமல் உதவுபவர் என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு எண்ணிக்கையை மட்டும் இத்துடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வேறு வேலையில் இருந்துகொண்டே மூப்பு போய்விடக்கூடாதே என்று பதிவைப் புதுப்பிப்பவர் பலர்.

ஒரு நடைமுறைச் செய்தி. 2025 ஜனவரி முதல் இந்த ஆய்வு விரிவாக்கப்பட்டு, நாடு முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சத்து 72 ஆயிரம் குடும்பங்களிடம் விசாரிக்கிறார்கள். முன்பு 1 லட்சத்துச் சொச்சம்தான். ஆகவே நம் பகுதி வீடுகளுக்கும் கணக்கெடுப்பாளர் வரும் வாய்ப்பு கூடியிருக்கிறது. வந்தால், "மகள் சும்மாதான் இருக்கிறாள்" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடாதீர்கள். வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுத்துப் பணம் வாங்கினால் அது வேலை. நான்கு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தால் அது வேலை. தந்தையின் பலசரக்குக் கடையில் தினமும் இரண்டு மணி நேரம் நின்றால் சம்பளம் இல்லாவிட்டாலும் அது வேலை. இவை ஒன்றும் இல்லாமல், தகுந்த வேலை கிடைத்தால் நாளைக்கே போகத் தயாராக இருக்கிறாள் என்றால் அதைச் சொல்லுங்கள். "வீட்டு வேலை பார்க்கிறாள்" என்று நீங்கள் சொல்லிவிட்டால் அவள் கணக்கை விட்டே வெளியே போய்விடுவாள். முடிந்தால் அவளையே கூப்பிட்டுப் பதில் சொல்லச் சொல்லுங்கள்.